அவள் பேச வேண்டிய இடம்

வாயில் துணி கட்டிய முகமாகத்தான் அந்த அக்கா என் நினைவில் இருக்கிறார். மூக்குக்குக் கீழே முழுவதும் மஞ்சள் துணி, அதற்கு மேலே இரண்டு பெரிய கண்கள். துணி இல்லாத முகத்தையும் தினமும் பார்த்திருக்கிறேன். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும் என்று தோன்றுகிறது. அது அவருடைய பல்தானா, வேறு யாருடைய பல்லையாவது அவர் முகத்தில் வைத்துப் பார்க்கிறேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஐந்து வீடுகள். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே மாடிப்படி. அந்த மாடிப்படிக்குக் கீழே நிழலான இடத்தில் ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்து அக்கா பூக்கட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போய்விட்டு, வரும்போது பூவோடு வருவார். தெருக்கோடி அம்மன் கோயிலுக்குச் சாயங்காலப் பூசை மாலை அக்கா கட்டிக் கொடுப்பதுதான். சம்பங்கியும் அரளியும் இடையிடையே மரிக்கொழுந்தும் வைத்த மாலை.

சாமிக்குக் கட்டும்போது பேசக் கூடாது. எச்சில் தெறித்துவிடும் என்பதால் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வரும்போது சாமி மாலை முக்கால்வாசி முடிந்திருக்கும். நான், என் தம்பி, தையல்காரர் வீட்டுச் செல்வம், மூன்று பேரும் பையைக்கூட இறக்காமல் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவோம். அக்கா எங்களைப் பார்ப்பார். கண் சிரிக்கும். கை நிற்காது. கடைசி முடிச்சைப் போட்டு, மாலையை வாழையிலையில் சுற்றித் தனியே வைத்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார். அதன்பிறகு கடைக்குக் கட்ட வேண்டிய மல்லியை மடியில் போட்டுக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் 'பாப்பா' என்றே கூப்பிட்டு, கதையைத் தொடங்குவார்.

இந்த வரிசையை இப்படித் தெளிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் மாலை. பிறகுதான் கதை. ஒரு நாள்கூட இது மாறியதில்லை. யாராவது இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டார்கள். நான் இதைச் சொல்லவில்லை.

அக்காவிடம் இருந்தது ஒரே கதை. ஏழு அண்ணன்களுக்கு ஒரு தங்கை. ஏழு பேரையும் ஒரு சூனியக்காரி கொக்காக மாற்றிவிடுகிறாள். கண்மாய்க் கரையில் கள்ளிப்பூவைப் பறித்து ஏழு மாலை கட்டி ஏழு கொக்குகளின் கழுத்தில் போட்டால் அவர்கள் மறுபடி மனிதர்கள் ஆவார்கள். ஆனால் ஏழாவது மாலை முடியும்வரை தங்கை வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல் பேசினால் ஒரு கொக்கு வானத்திலிருந்து செத்து விழும்.

"ம் கொட்டுங்க. ம் கொட்டுனாத்தான் கதை நகரும்" என்பார்.

"ம்" என்போம் மூன்று பேரும்.

கதையை அக்கா சாதாரணமாகச் சொல்லமாட்டார். ஒரு ராகம் போல இழுத்துச் சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் விரலால் முழங்காலில் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். பூக்கட்டுகிற கை எப்போது அந்தத் தட்டுக்கு வந்து போகும் என்றே தெரியாது.

வேட்டைக்கு வந்த ராசா கண்மாய்க் கரையில் அந்தப் பெண்ணைப் பார்க்கிறான். கையெல்லாம் முள் குத்தி ரத்தம். 'நீ யாரும்மா, எந்த ஊரு?' என்று கேட்கிறான்.

அங்கே அக்கா நிறுத்திவிடுவார்.

வாய் பாதி திறந்திருக்கும். கண் எங்களைப் பார்க்கும். அது அந்தப் பெண் பேச வேண்டிய இடம், ஆனால் அவள் பேச முடியாது. அவள் மனதுக்குள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த விதியை அக்கா எங்களிடம் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. முதல் தடவை அவர் நிறுத்தியபோது நான் சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டுக் கதையை அங்கிருந்து நகர்த்தினார். அதிலிருந்து அப்படியே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"முள்ளு வலிக்குதுன்னு நெனச்சா" என்பான் தம்பி.

"எங்கண்ணனுகளச் சுட்டுறாதீங்க ராசான்னு நெனச்சா. வேட்டைக்குத்தான வந்துருக்கான்?" என்பேன் நான்.

"ஏலே, ஒண்ணுக்கு வருதுன்னு நெனச்சாலே. காலைலருந்து ஒரே எடத்துல ஒக்காந்துருக்காள்ல?" என்பான் செல்வம். அன்று அக்கா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மல்லியெல்லாம் சாக்கில் கொட்டிவிட்டது. ஆனால் கதை அதன்படிதான் போனது. ராசா ஒரு நாழிகை திரும்பி நின்றுகொண்டான்.

நாங்கள் எதைச் சொன்னாலும் கதை அந்தப் பக்கம் வளைந்து போகும். அதனால் ஒரே கதை எங்களுக்குச் சலிக்கவே இல்லை. மூன்று பேரில் முதலில் சொல்வது எப்போதும் நான்தான். அக்கா வாயைத் திறந்தபடி நிறுத்தியதும் என் வாய் திறந்துவிடும். அதில் எனக்குப் பெருமை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் என்னிடமிருந்து வரும். 'கெட்டிக்காரி' என்று டீச்சர் சொல்வார்.

கடைசியில் ஆறு மாலை முடிந்து ஏழாவது மாலையில் ஒரு பூ குறையும். கடைசி அண்ணன் மனிதனாகிவிடுவான், ஆனால் வாயைத் திறந்தால் கொக்குச் சத்தம்தான் வரும். எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் தங்கை பேசலாம். ராசா கேட்பான்: 'இப்பவாவது சொல்லு, நீ யாரு?' அங்கே அக்கா நிறுத்துவார். நாங்கள் கத்துவோம். அந்த இடத்தில் மட்டும் நாங்கள் சொன்ன எதற்கும் அவர் தலையாட்டியதில்லை. மல்லிச் சரத்தை உதறிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

பூசாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் நாலாம் வகுப்பு. அன்று மாலையை அனுப்பியாகிவிட்டது. கடைப்பூவும் கதையும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார். கோபமாக இருந்தது போலத் தெரியவில்லை. சங்கடப்பட்டவர் போலத்தான் இருந்தார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்கிறாத. சாமி மாலைய வாயக் கட்டிக்கிட்டுத்தான கட்டுற? புள்ளைகள வச்சுக்கிட்டுக் கதை பேசிக்கிட்டே கட்டுறன்னு நாலு பேரு சொல்றாக. மாலைக்குக் காசு குடுக்குற உபயக்காரக என்னையக் கேக்குறாக."

அக்கா வாழைநாரைக் கீழே வைத்தார். முழங்காலில் தட்டினார். டொக், டொக். வாயைத் திறந்தார்.

திறந்தபடியே இருந்தார்.

எனக்கு அந்த முகம் தெரியும். தினமும் சாயங்காலம் பார்க்கிற முகம். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றும் எனக்குத் தெரியும்.

"கதை சொல்லுவாங்க சாமி! தெனமும் சொல்லுவாங்க. கொக்குக் கதை" என்றேன்.

பூசாரி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்காவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "சரிம்மா" என்றார் பூசாரி. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து கோயில் மாலை வேறு வீட்டில் கட்டப்பட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. அம்மாதான் இரவு சோற்றைப் போட்டபடியே கேட்டாள். "ஒன்னையவாடி கேட்டாரு அவரு? பெரியவுக பேசுறப்ப ஒனக்கென்னடி வாயி?" நான் பொய் சொல்லவில்லையே என்றேன். பொய் சொல்லவில்லைதான். இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளும் போய்ச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். போயிருக்கக் கூடாதோ? ஆனால் போகாமல் இருந்தால் அதுவும் ஒரு மாதிரி இருந்திருக்கும். அன்று ஓர் ஆச்சரியம். மடியில் கடைப்பூ மட்டும்தான். சாமி மாலை கிடையாது. ஆனாலும் அக்கா வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்.

"கோயிலுக்குத்தான் இல்லையே, அப்பறம் எதுக்கு இன்னும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கா?" என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மனுக்குச் செய்ததை விட முடியவில்லை போல என்றாள் ஒருத்தி. எங்களையெல்லாம் குத்திக்காட்டுகிறாள் என்றாள் இன்னொருத்தி. அந்த வருடம் முழுக்க அக்கா துணியோடுதான் கட்டினார். பாதிச் சரம் முடிந்ததும் அவிழ்த்துவிட்டு எங்களுக்குக் கதை சொன்னார். அதே கதை, அதே இடங்களில் நிறுத்தம். நான் அதே போல முந்திக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டினார். எப்படித் தலையாட்டினார் என்று இப்போது நினைத்தால் எனக்குப் புரியவில்லை. பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். கோயில் மாலை போனதால்தான் போனார்களா, வேறு காரணமா, அதுவும் தெரியாது.

இத்தனை நாள் கழித்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பது என் மகளால்.

அவளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். இன்னும் பேசவில்லை. 'ப்பா' என்பாள், 'தா' என்பாள், அவ்வளவுதான். காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதனை செய்தாகிவிட்டது. "ஒம் புருசனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்துறானா?" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில் போனைக் காட்டாதே என்கிறார்கள். நான் போனை ஒளித்து வைத்தேன், பிறகு பாட்டாவது கேட்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தேன், மறுபடி ஒளித்து வைத்தேன். அடுத்த மாதம் எல்கேஜி சேர்க்கைக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே பெயர் கேட்பார்களாம்.

சென்ற வாரம் ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப்போனேன். என்னைவிடச் சின்னப் பெண்தான் அங்கே இருந்தவர். ஒரு மரக்குதிரையை எடுத்து என் மகள் முன்னால் வைத்து, "இது என்ன பாப்பா?" என்றார்.

"குதிரை! சொல்லுடா, குதிரை. டக்கு டக்குன்னு ஓடும்ல? நேத்து வீட்ல லேசா 'கு' மாதிரி சொன்னா மேடம். புது எடம்ல, அதான்."

அந்தப் பெண் அடுத்து ஒரு பந்தை வைத்தார். "இது?"

"பந்து! பந்து சொல்லு. பசிக்குதாடா? அவளுக்குப் பசி மேடம், பசிச்சா இப்படித்தான்."

"அம்மா" என்றார் அவர் சிரித்தபடியே. "நான் பாப்பாவைத்தான் கேட்டேன்."

முகம் சுட்டது. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணச் சொன்னார். பத்து எண்ணும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாதாம். வீட்டுக்கு வந்து முயன்றேன். நாலு வரைக்கும் எண்ண முடிந்தது. அதற்குமேல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பாதி திறந்த வாய். எனக்குத் தெரிந்த முகம்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக அந்த அக்காவைப் பற்றிக் கேட்டேன். கதையில் நிறுத்தி நிறுத்தி எங்களைப் பேச வைப்பார், அது ஒரு நல்ல பயிற்சி இல்லையா, நானும் மகளுக்கு அப்படி ஒரு கதை சொல்லிப் பார்க்கலாமா என்று.

"அவ எங்கடி நிறுத்துனா? அவளுக்குத் திக்கும்ல" என்றாள் அம்மா.

"என்னது?"

"திக்குவாய்டி. கடைக்குப் போனாக் கையத்தான் காட்டுவா. ஒனக்குத் தெரியாதா? அம்புட்டு நேரம் அவ மடியிலயேதான கெடந்த."

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியவில்லை. அந்த ராகம், அந்த டொக் டொக், எங்கள் மூன்று பேரையும் ஒரே பேராகப் 'பாப்பா' என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும் போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்படியானால் அந்த நிறுத்தங்கள்? சொல் வராமல் நின்றவரின் வாயை நான் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு மூடினேனா? ஆனால் நிறுத்தம் எப்போதும் அந்தப் பெண் பேச வேண்டிய இடத்தில்தானே வந்தது? திக்கல் என்பது இடம் பார்த்தா வரும்? ஒருவேளை வேறு இடங்களிலும் வந்திருக்கும், அவற்றை நான் மறந்திருப்பேன். அல்லது சொல் தன்னை விட்டுவிடும் இடத்திலெல்லாம் கதைக்குள் ஒரு பேசாத பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாரோ? மஞ்சள் துணியை எதற்குக் கட்டிக்கொண்டே இருந்தார் என்பதும் அப்போதுதான் லேசாக உறைத்தது. துணி கட்டியவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் நானாக நினைப்பது. சரியா என்று தெரியவில்லை.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். அக்கா இப்போது சித்தையன்கோட்டையில் இருக்கிறாராம். தம்பி கல்யாணத்துக்கு மாலை அவரிடம்தான் சொல்லி வாங்கினார்களாம். அந்தக் கல்யாணத்தில் நான் தலை நிறைய வைத்திருந்த மல்லியும் அவர் கட்டியதுதான். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா நம்பர் கொடுத்தாள். "போன்ல அவளுக்குச் செத்த நேரமாகும். வச்சுறாத" என்றாள்.

மூன்று நாள் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்கவா, கதை கேட்கவா என்று தீர்மானிக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். சத்தமே இல்லை. "ஹலோ? ஹலோ? கேக்குதா?" என்றேன். டவர் இல்லை போல என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் பேசவில்லை. எங்கோ ஒரு சேவல் கூவியது, யாரோ குடத்தை வைத்தார்கள். பிறகு, டொக், டொக்.

"சொல்லுங்க" என்றது குரல். இருபது வருடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது.

யார் என்று சொன்னேன். காம்பவுண்டு, மாடிப்படி, கொக்குக் கதை. "அய்யோ, பாப்பா!" என்றார், தடங்கல் இல்லாமல். நலம் விசாரித்தோம். அவர் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தார். நான் இடது கைவிரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு சொல்லின் முதல் எழுத்து மூன்று தடவை வந்து நிற்கும்போது மீதிச் சொல் என் நாக்கில் வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அது வலித்தது.

பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்குப் பூசாரி வந்து கேட்டாரே. நான் குறுக்க பேசிட்டேன். நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

சத்தம் இல்லை.

ஐந்து, ஆறு. சொல் வரவில்லையா, சொல்ல விருப்பமில்லையா, இல்லை இதுவும் கதையில் வருகிற அந்த இடம்தானா? எட்டு. 'பரவால்லக்கா, விடுங்க' என்று சொல்ல வாய் துடித்தது. மகள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. பத்து. பதினொன்று. அவள் என் உதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"ம்?" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. டொக், டொக். பிறகு சிரிப்பு. மல்லியைக் கொட்டிவிட்ட அந்தச் சிரிப்பேதான்.

"அதான் நீயே சொல்லிட்டியே, பாப்பா" என்றார்.

அது என்ன பதில் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மன்னித்துவிட்டாரா, இன்னும் இல்லையா? அந்தக் குரலில் இரண்டையும் கேட்டேன். திரும்பக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"ம் கொட்டுனது... யாரு?"

என் பொண்ணுக்கா, மூணு வயசு, இன்னும் பேச்சு வரல, தெரபிக்குக் கூட்டிப் போறோம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

வாயை மூடிக்கொண்டேன். போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்தப் பக்கத்தில் அவரும் பேசவில்லை. என் மகள் வாயைப் பாதி திறந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பத்து தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன்.